ஆடலும் ஆடுவோரும்

ஆடல் நன்றா தீதா என்னும் வினா நம் கல்லூரி மாணாக்கரிடையே அடிக்கடி எழுவதுண்டு. எழும்போதெல்லாம் இரண்டு கட்சிகள் தோன்றும். ஆடல் காமத்தைத் தூண்டுவது, ஆகலின் அது கிறிஸ்தவர்க்கு ஆகாது என்பர் ஒரு சாரார். ஆடல் தெய்விகக் கலை, பழந்தமிழர் மாட்சிக்குச் சான்று, அதனை இகழ்வோர் சுவையறியாதார் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஆடலைப் பற்றியே வழக்காடுகின்றனர். ஆடினவள் யாவள், அவளை ஆடச் செய்தவன் யாவன், ஆடி முடித்தபின் அவளுக்கு எய்தியது யாது என்று வினவுவாரைக் காண்டல் அரிது. அவ்வினாவை எழுப்பி, அதுபற்றி எனக்குத் தோன்றியதைக் கூறுதலே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வெண்ணம் என்னுள் எழுதற்கு ஒரு நிகழ்ச்சி காரணமாயிற்று. சென்ற ஆண்டு பங்குனித் திங்களில், பசுமலைக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில் அம்மன் திருவிழா நடைபெற்றது. நையாண்டி மேளத்தின் ஓசை கேட்டு யானும் நண்பர் இருவரும் அங்குச் சென்றோம். நாதசுரமும் தவிலும் பம்பையும் தமுக்கும் முழங்க, ஒரு பெண் தலையில் கரகம் ஏந்தி ஆடிக்கொண்டிருந்தாள். குடத்தின்மேல் நின்ற மரக்கிளி சுழன்றதேயன்றிக் குடம் அசையவில்லை. அவள் கைகளால் அதனைத் தொடவுமில்லை. குனிந்தாள், அமர்ந்தாள், பின்புறமாக வளைந்து தரையிற் கிடந்த ரூபாய் நோட்டைக் கண்ணிமையால் எடுத்தாள். பல்லாண்டுப் பயிற்சியின்றி இது கைகூடாதென்பது கண்டார்க்கு விளங்கும்.

அப்பொழுது அவ்வூரில் மதிப்புடையவராகக் காணப்பட்ட ஒருவர் தள்ளாடி எழுந்து வந்து, ஒரு நோட்டை அவள் மார்பாடையிற் குத்த முயன்றார். கூட்டம் நகைத்தது. இளைஞர் பலர் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்தனர். அவள் முகம் மாறாது, கரகம் விழாது, அரையடி விலகி, கையால் நோட்டை வாங்கிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தாள். யானும் கூட்டத்தோடு சேர்ந்து நகைத்தேன். இதனை மறைத்தல் தகாது. வீடு திரும்பியபின், "அத்தகைய ஆட்டத்தைக் காணப் போகலாமா? வெட்கங்கெட்டவர்கள் ஆடுவதன்றோ அது!" என்று பெரியோர் கடிந்துகொண்டனர். கடிதல் முறையே. ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. வெட்கங்கெட்டவர் யாவர்? குடம் விழாமற் காத்தவளா, நோட்டுக் குத்த வந்தவரா, நகைத்து நின்ற யானா?

இவ்வினா நம் நாட்டிற்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கற்றோர் இதனை அறிவர். மாதவி ஐந்தாண்டிற் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டாம் அகவையிற் சோழன் அவையில் அரங்கேறுகிறாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், முழவோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணங்களையும், அரங்கின் நீள அகல உயரங்களையும் இளங்கோவடிகள் ஒன்றுவிடாது கூறுகிறார். மன்னன் அவளுக்குத் தலைக்கோற் பட்டமும் மாலையும் அளித்துச் சிறப்பிக்கிறான். இதுவரை நாம் பெருமிதத்தோடு படிக்கிறோம். அடுத்து நிகழ்வது யாது? அதே மாலையை ஒரு கூனி நகரத் தெருவில் ஏந்தி நிற்கிறாள். அதன் விலை 1008 கழஞ்சு பொன். அதனை வாங்குவோன் மாதவிக்கு உரியவனாவான். கோவலன் வாங்குகிறான்.

நேயர்கள் இதனை ஊன்றி நோக்க வேண்டுகிறேன். கலைக்குப் பரிசாக வந்த மாலையே கலைஞியின் விலைச்சீட்டாயிற்று. ஆடலில் மாசு இல்லை. அரங்கிலும் மாசு இல்லை. அரங்கிற்கு வெளியே, தெருவில், ஒரு வழக்கம் காத்து நின்றது. மாசு அவ்வழக்கத்தினுடையது. பன்னிரண்டு வயதுச் சிறுமி அதனை விரும்பினாளா என்று வினவினார் ஒருவரும் இலர். பின்னர், மணிமேகலையில், அந்த மாதவியே துறவு பூண்டு, இந்திர விழாவில் ஆட வருமாறு ஊரார் அழைத்தபோது மறுத்து, தன் மகளைக் கண்ணகியின் மகளெனக் கூறி அத்தொழிலினின்றும் விலக்குகிறாள். மறுக்கும் உரிமையை முதன்முதல் எடுத்துக்கொண்ட ஆடல்மகளாக அவளையே நம் இலக்கியத்திற் காண்கிறேன்.

காப்பியத்தை விடுத்து வரலாற்றிற்கு வருவோம். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் குடியமர்த்தினான் என்றும், ஒவ்வொருவருக்கும் வீடும் ஆண்டிற்கு 100 கலம் நெல்லும் அளித்தான் என்றும் அக்கோயிற் கல்வெட்டுக் கூறுகிறது. பின்னாளில் தஞ்சை மராத்திய மன்னர் அவையில், சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வர் அவ்வாடலை அலாரிப்பு, சதிசுரம், சப்தம், வருணம், பதம், தில்லானா என்னும் வரிசையில் ஒழுங்குபடுத்தினர். சதிர் என்றும் சின்னமேளம் என்றும் வழங்கிய அவ்வாடல் கோயிலிலும் அரண்மனையிலும் செல்வர் மணப்பந்தலிலும் நிகழ்ந்தது. நட்டுவனாரும் பக்கவாத்தியக்காரரும் அவளுக்குப் பின்னே நின்றவாறே, அவள் முன்வரின் முன்வந்தும் பின்செல்லின் பின்சென்றும் வாசித்தல் அக்கால வழக்கம். தேவதாசிக்குக் கைம்மை இல்லையாகலின் அவளை நித்திய சுமங்கலி என்றனர். மணமகளின் தாலிக்கயிற்றில் அவள் கையால் மணி கோத்து வாங்குவது மங்கலமெனக் கருதினர். ஆயின், தாலி கோத்துக் கொடுத்த அவளுக்குத் தாலி கட்ட அவ்வீட்டுப் பிள்ளை எவனும் முன்வந்திலன். அவளைப் போற்றிய ஊரே அவளை ஒதுக்கியும் வைத்தது.

இம்முரண் தமிழ்நாட்டிற்கே உரியதென்று எவரும் எண்ணற்க. எகிப்து நாட்டிலும் இதுவே காணப்படுகிறது. இடையையும் வயிற்றையும் அசைத்து ஆடும் அந்நாட்டு ஆடலை மேனாட்டார் 'வயிற்றாடல்' என்று பெயரிட்டழைத்தனர். 1893 ஆம் ஆண்டுச் சிகாகோப் பொருட்காட்சியில் அது காட்டப்பட்ட பின்னர் அப்பெயர் உலகெங்கும் பரவிற்று. எகிப்தியரோ அதனைக் கீழ்நாட்டாடல் என்றும் ஊராடல் என்றும் தம் மொழியில் வழங்குவர். பண்டு அங்கு இருவகை மகளிர் இருந்தனர். ஆலிமா என்னும் சொல்லுக்குக் கற்றவள் என்பது பொருள். அவ்வகையினர் செல்வர் இல்லங்களில் பெண்டிர் பகுதியிற் பாடினர். கவாசீ எனப்பட்டோர் தெருவிலும் திருவிழாவிலும் முகத்திரையின்றி ஆடினர். மணவிழாவில் ஆடல்மகள் வருதல் அங்கும் மகிழ்ச்சிக்கு அறிகுறி. அவளைத் தம் மருமகளாக ஏற்றல் அங்கும் குடும்பத்திற்கு இழிவு.

எட்வர்டு லேன் என்னும் ஆங்கிலேயர் 1836 ஆம் ஆண்டில் எகிப்தியர் பழக்கவழக்கங்களைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். விருந்தினர் சிறு பொற்காசுகளை நாவால் நனைத்து, ஆடும் பெண்ணின் நெற்றியிலும் கன்னத்திலும் ஒட்டுவதை அவர் அதில் விவரிக்கிறார். அப்பகுதியை அறிந்தபோது யான் திடுக்கிட்டேன். யான் சிற்றூரிற் கண்ட நோட்டும் அப்பொற்காசும் ஒரே வழக்கத்தின் இரு வடிவங்கள் அல்லவா?

அவ்விழுக்கை நீக்க அந்நாட்டு அரசர் முகம்மது அலி செய்தது யாது? 1834 ஆம் ஆண்டில் கவாசீப் பெண்டிரைக் கெய்ரோ நகரத்தினின்றும் தெற்கே எஸ்னா முதலிய ஊர்களுக்கு ஓட்டினார். காசு ஒட்டியவர்களை ஒருவரும் ஓட்டவில்லை. பெண்டிர் நீங்கிய இடத்தில், பெண்ணுடை தரித்த இளைஞரைக் கொண்டு ஆடச்செய்து அவர்கள் பொழுதுபோக்கினர். ஆடினவளை நீக்கினால் ஆடலைச் சூழ்ந்த தீமை நீங்கும் என்னும் எண்ணம் எத்துணைப் பேதைமை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. பிற்காலத்தில், 1926 இல், பதியா மசப்னி என்னும் பெண்மணி கெய்ரோவில் ஓர் ஆடலரங்கு திறந்தார். தகியா கரியோக்கா, சாமியா கமால் முதலிய புகழ்மிக்க ஆடல்மகளிர் அவ்வரங்கினின்றும் தோன்றித் திரைப்படங்களில் மிளிர்ந்தனர். ஆயினும் அந்நாட்டில் இன்றளவும் ஆடலை விரும்புவோர் பலர். ஆடுவோரை மதிப்போர் சிலரே.

மீண்டும் நம் மாகாணத்தை நோக்குவோம். சிகாகோவிற் பொருட்காட்சி நடந்த அதே 1893 இல், சென்னையிலிருந்த சீர்திருத்தத் தலைவர்கள், அரசாங்க அதிகாரிகள் சதிர்க் கச்சேரிகளுக்குச் செல்லலாகாதென்று கவர்னருக்கும் வைஸ்ராய்க்கும் விண்ணப்பம் விடுத்தனர். நம் மிஷனரிமாரும் அவ்வியக்கத்தை ஆதரித்தனர். பின்னர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சட்டசபையிற் புகுந்து, சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து இடையறாது போராடினார். அவர்தம் அன்னையார் அக்குலத்திற் பிறந்தவர். அக்குலத்துத் துன்பத்தைத் தாமே அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936 இல் ஒரு நாவலே எழுதி அவ்வழக்கத்தின் கொடுமையை வெளிப்படுத்தினார். இறுதியில் 1947 ஆம் ஆண்டில் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிற்று.

இச்சட்டம் நேரிதென்பதில் எனக்கு ஐயமில்லை. ஏதுமறியாச் சிறுமியின் கழுத்திற் பொட்டுக் கட்டி, அவள் வாழ்நாளைப் பிறர் முடிவு செய்தல் பாவம். கூனி கையிலிருந்த மாலையை இரண்டாயிரம் ஆண்டுகட்குப் பின்னராயினும் பறித்தெறிந்தோமே என்று நாம் மகிழ வேண்டும். ஆயின், அச்சட்டம் பொட்டுக்கட்டுதலோடு நில்லாது, கோயில் எல்லைக்குள் பெண்கள் ஆடுதலையும் குற்றமாக்கிற்று. தீமையைக் களைய எடுத்த கை, அத்தீமையால் வருந்தியவளின் கைத்தொழிலையும் சேர்த்துக் களைந்தது. அவளுக்கு வேறு தொழில் யாது, வேறு வீடு யாது என்பதை யாரும் போதுமளவு எண்ணிற்றிலர். மயிலாப்பூர்க் கோயிலில் ஆடிய கௌரி அம்மாள் அபிநயத்திற் பேராசிரியை. ருக்மிணி தேவி, பாலசரசுவதி ஆகிய இருவருமே அவரிடம் கற்றனர். அத்தகையவர் முதுமையில் வறுமையை அறிந்தார்.

ஆடல் மட்டும் அழியவில்லை. வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யர் சதிரைக் காக்க முனைந்தார். 1931 இல் சென்னை மியூசிக் அகாடமி, கல்யாணி என்பாரின் புதல்வியர் இருவரை மேடையேற்றிற்று. ருக்மிணி தேவி அம்மையார், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று, 1935 இல் அடையாற்றில் ஆடி, 1936 இல் கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்தார். சதிர் என்னும் பெயர் மறைந்து பரதநாட்டியம் என்னும் பெயர் நிலைபெற்றது. நற்குடிப் பெண்கள் ஆடத் தொடங்கினர் என்று பத்திரிகைகள் பாராட்டின. 'நற்குடி' என்னும் அவ்வொரு சொல்லே, அதுவரை ஆடியவர்கள் நற்குடியினர் அல்லர் என்று மறைவாகத் தீர்ப்புக் கூறிற்று. 1981 முதல் சிதம்பரத்தில் ஆண்டுதோறும் நாட்டியாஞ்சலி நடைபெறுகிறது. கோயில்முன் ஆடல் மீண்டும் வந்தது. பண்டு ஆடிய குடியினரோ பெரும்பாலும் திரும்பி வரவில்லை. வீணை தனம்மாளின் பேர்த்தியாகிய பாலசரசுவதி ஒருவரே தம் குலமரபை மறைக்காது, நாணாது, இறுதிவரை ஆடி, உலகப் புகழும் 1977 இல் பத்மவிபூஷண் பட்டமும் பெற்றார் எனலாம். ஆடலைத் தூய்மை செய்தோம் என்கின்றனர். அழுக்கு ஆடலில் இருந்ததன்று. ஆடினவளை விலைபேசியவன் கையில் இருந்தது. அவன் கையைக் கழுவிய சீர்திருத்தம் எது?

இனி, கிறிஸ்தவராகிய நம் நிலையைக் கூறுகிறேன். ஆடலை வெறுப்போர் ஏரோதின் விருந்தை எடுத்துக்காட்டுவர். ஏரோதியாளின் மகள் ஆடினாள், யோவான் ஸ்நானனின் தலை வீழ்ந்தது என்பர். அப்பகுதியை மீண்டும் அமைதியாகப் படிப்போமாக. பெரிய மனிதர் கூடிய விருந்து. அங்கு ஒரு சிறு பெண் ஆடுகிறாள். அரசன் எதையும் தருவேனென்று ஆணையிடுகிறான். தாய் தன் பகையை மகள் வாயாற் பேசுவிக்கிறாள். விருந்தினர்முன் மானம் போகுமென்று அஞ்சி அரசன் கொலைக்கு உத்தரவிடுகிறான். இவற்றுள் ஆடியது ஒன்றே குற்றமென்று கொள்வார், ஏரோதைத் தப்ப விடுகின்றவர் ஆவர். செங்கடலைக் கடந்தபின் மிரியாம் தம்புரு எடுத்துப் பெண்களோடு ஆடினாள். உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்பாகத் தாவீது ஆடினான். அதைப் பலகணி வழியாகப் பார்த்து இகழ்ந்தவள் மீகாள். நாம் யாருடைய பக்கத்தில் நிற்கிறோம் என்பதை நெஞ்சறிய வினவிக்கொள்ள வேண்டும். பசுமலையின் மேட்டில் நின்று நையாண்டி மேளத்தை இகழ்ந்தபோது, நாமும் ஒரு பலகணியின் பின்னேதான் நின்றோம் என அஞ்சுகிறேன்.

நம் திருச்சபைக்கு அவ்வாடல் மரபில் ஒரு கடனும் உண்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், அக்காலத்து ஆடல்மகளிர் நடித்துவந்த குறவஞ்சி நாடக வகையை எடுத்தாண்டு பெத்லகேம் குறவஞ்சி பாடினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை அமைப்பில் அவர் பாடியவற்றையும் பிறர் பாடியவற்றையும் நம் மதுரை மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப் ஐயர் 1853 இல் தொகுத்து அச்சிட்டார். நாம் ஞாயிறுதோறும் ஆலயத்திற் பாடும் இராகங்கள், சதிர் மேடையிலும் ஒலித்தவை. பாட்டை உள்ளே அழைத்துப் பாடினவளை வெளியே நிறுத்தியவர் வரிசையில் நாமும் இருக்கிறோம்.

ஆயின் செய்யத்தக்கது யாது? சதிருக்கு நேர்ந்தது கரகத்திற்கும் நேராமற் காத்தலே இப்பொழுது நம் கையிலுள்ளது. இன்று கரகாட்டத்திற்கு அனுமதி தருவோர், ஆபாசமாக ஆடலாகாது, இரட்டைப் பொருட் பாடல் பாடலாகாது, இன்ன நேரத்திற்குள் முடிக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கின்றனர். அவை வேண்டுவனவே. ஆயின் அவற்றுள் பெரும்பாலன ஆடுவோர்க்கே உரியன. பார்ப்போர்க்கும் நிபந்தனை வேண்டும். ஆடுகளத்தைக் கயிறு கட்டிப் பிரித்து, அதனைக் கடப்போரை விழாக் குழுவினரே தடுத்தல் வேண்டும். மது அருந்தி வருவோரை முன்வரிசையினின்றும் நீக்கல் வேண்டும். அன்பளிப்பு நோட்டு ஆட்டக்காரர்களின் வருவாயில் ஒரு பகுதி, அதனைத் தடுத்தால் அவர்களே வருந்துவர் என்று சிலர் கூறக்கூடும். உண்மையே. எனவே அதனைத் தடுக்க வேண்டுவதில்லை. மேளத்தின் முன் ஒரு தட்டு வைத்து அதில் இடச் செய்தால் போதும். பேசிய கூலியை ஆட்டத்திற்கு முன்னரே முழுவதும் கொடுத்துவிட்டால், விரும்பாத பாட்டிற்கு ஆடமாட்டேன் என்று மறுக்கும் துணிவும் அப்பெண்ணுக்கு உண்டாகும். மறுக்கும் உரிமை உள்ளவிடத்தில் ஆடல் கலையாகும். அஃது இல்லாதவிடத்தில் அடிமைத்தனமாகும். அலாரிப்பாயினும், கரகமாயினும், எகிப்தியர் ஆடலாயினும் அளவுகோல் இதுவே.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கும் ஒரு கடமை உண்டு. அரங்கேற்று காதைக்கு உரை மனப்பாடம் செய்து தேர்வெழுதும் நாம், நம் கல்லூரியிலிருந்து அரைமணி நேரத்தில் சென்றடையக்கூடிய ஊர்களில் வாழும் ஆட்டக்காரரிடம், அவர்தம் அடவுகளின் பெயர் யாது, ஆசான் யார், எத்தனையாண்டு கற்றீர் என்று ஒருநாளேனும் வினவினோமா? அவர்களை நம் தமிழ்மன்றத்திற்கு அழைத்து, நாற்காலியிட்டு அமர்த்தி, அவர்கள் கூறுவதை எழுதிக்கொள்ளலாம். ஆடச் சொல்லுமுன் பேசச் சொல்வோம்.

இவ்வாண்டும் பங்குனி வரும். தெற்கேயிருந்து மேள ஓசை கேட்கும். பெரியோர் அனுமதித்தால் யான் மீண்டும் செல்ல விரும்புகிறேன். அவளே ஆடினும் சரி, வேறொருத்தி ஆடினும் சரி, நோட்டோடு எழுந்து வருபவர் யாராயினும், அன்று செய்யத் தவறியதைச் செய்தற்கு ஆண்டவர் எனக்குத் துணிவருள்வாராக. குறைந்த பட்சம், நகையாதிருப்பேன்.